மாமல்லபுரத்தில் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க

கடற்கரைக் கோயிலில் எடுக்கும் தொல்லியல் துறை டிக்கெட்டே ஐந்து ரதத்துக்கும் செல்லும். அங்கே போய் மறுபடி வரிசையில் நின்று வாங்க வேண்டாம். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட்டே தேவையில்லை.

காலை 6 மணிக்குத் திறந்ததும் கடற்கரைக் கோயிலில் தொடங்குங்கள். பெரிய விமானத்தின் சன்னதி கிழக்கே கடலைப் பார்த்திருப்பதால் இளவெயில் நேராக முகப்பில் விழும். உப்புக்காற்று அரித்து மழுங்கிப்போன சிற்பங்களின் விளிம்பு அந்த வெளிச்சத்தில்தான் கண்ணுக்குப் பிடிபடும். பிற்பகலில் அதே முகப்பு நிழலில் கிடக்கும், போட்டோவும் மங்கல்தான். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே ஐந்து ரதம். அங்கே தரை முழுக்க மணல், நிழல் குறைவு. வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது. அதனால் கோயிலை முடித்ததும் தாமதிக்காமல் அங்கே போய்விடுங்கள்.

ஆன்லைனில் எடுத்தால் க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாசலில் சிக்னல் சுற்றிக்கொண்டே நின்றால் பின்னால் இருப்பவர்கள் முறைப்பார்கள்.

ஒரே நாளுக்குத்தான் இந்த டிக்கெட் செல்லும். இன்று கோயில், நாளை ரதம் என்று பிரித்தால் இரண்டு டிக்கெட். கலங்கரை விளக்கத்துக்குக் கட்டணம் தனி. தலசயனப் பெருமாள் கோயிலுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அர்ச்சுனன் தபசு மட்டும் போதும் என்பவர்கள் டிக்கெட்டே வாங்க வேண்டாம். அது தெருவோரப் பாறை, பார்க்கக் காசில்லை.