கிரெடிட் கார்டு பாக்கி: வசூல் ஏஜென்சி வழியாக செட்டில்மெண்ட் பேசுவது எப்படி?

செட்டில்மெண்ட் என்றால் மொத்த பாக்கியைவிடக் குறைந்த தொகைக்குப் பேசி, அதைக் கட்டிக் கடனை முடிப்பது. இங்கே சொல்வது கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் போன்ற அடமானம் இல்லாத கடன்களுக்கு. நகைக்கடனிலும் வீட்டுக்கடனிலும் பொருள் வங்கியின் பிடியில் இருப்பதால், தள்ளுபடிக்கு அவர்கள் அவ்வளவு சுலபமாக இறங்கி வர மாட்டார்கள்.

தவணை கட்டாமல் 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதற்கு முன் பேசினால் பெரும்பாலும் தொகையைக் குறைக்காமல் காலத்தை நீட்டித் தருவார்கள். சமாளிக்க முடியுமென்றால் அதுவே மேல். செட்டில்மெண்ட் செய்தால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று விழும். பின்னால் வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

போனில் பேசுகிற ஏஜென்ட்டுக்குத் தள்ளுபடி கொடுக்கும் அதிகாரம் கிடையாது. வசூலாகும் தொகையில் ஏஜென்சிக்குக் கமிஷன் உண்டு, மாத டார்கெட்டும் உண்டு. நீங்கள் சொல்லும் தொகையை வங்கிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவதோடு அவர் வேலை முடிந்தது. அதனால் முதலில் அவருடைய அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கு நீங்களே போன் போட்டு, கணக்கு அந்த ஏஜென்சியிடம்தான் இருக்கிறதா, அல்லது வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குக் கடன் விற்கப்பட்டுவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். விற்றிருந்தால் செட்டில்மெண்டுக்கு ஒப்புதல் தரும் கடிதம் அந்த நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். பழைய வங்கியின் கடிதம் செல்லாது.

அடுத்து அசல், வட்டி, தாமதக் கட்டணம், ஜிஎஸ்டி எனப் பிரித்துக் காட்டும் ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள். உதாரணத்துக்கு, பாக்கி 1,80,000 ரூபாய், அதில் அசல் 1,10,000, உங்களால் புரட்ட முடிந்தது 90,000 என்று வைத்துக்கொள்வோம். பேச்சை 60,000-இல் தொடங்குங்கள். 90,000 என்ற எண் கடைசிவரை வாயிலிருந்து வரவே கூடாது. ஒரே தொகையாகக் கட்டினால் அதிகம் குறைப்பார்கள், மூன்று தவணை கேட்டால் பிடி இறுகும். மாதக் கடைசி வாரமும் மார்ச் மாதமும் பேசத் தோதான நேரம். வேலை போன கடிதம், மருத்துவமனை பில், ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட் ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சலில் கேட்டால், ஒப்புதல் தரும் அதிகாரிக்குக் காட்ட ஏஜென்ட்டிடம் ஏதாவது இருக்கும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில். “சார், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஐயாயிரம் போட்டுடுங்க, லெட்டர் நாளைக்கே வந்துடும்” என்பார்கள். கடிதம் வருமுன் போட்ட பணம் சாதாரணத் தவணையாக வட்டியில் கழிந்துவிடும், செட்டில்மெண்ட் கணக்கில் சேராது. இன்னொரு சிக்கலும் உண்டு. கடைசியாகப் பணம் கட்டி மூன்று ஆண்டை நெருங்கும் பழைய கடனில், வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் காலவரம்பு முடியுமுன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, கையெழுத்திட்டு ஒரு பகுதி கட்டினாலோ அந்த மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அப்படிப்பட்ட கடன் என்றால் வாயைத் திறக்குமுன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில், வங்கியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கணக்கு எண், மொத்த பாக்கி, ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி, ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற வாசகம், வழக்கு இருந்தால் வாபஸ் பெறும் உறுதி, பாக்கி எதுவும் இல்லை என்ற தடையில்லாச் சான்று தரும் உறுதி, இத்தனையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இறுதியான’ என்ற சொல் விடுபட்டால் மீதித் தொகை கேட்டு வேறொரு ஏஜென்சி வர வழி திறந்தே இருக்கும்.

பணத்தை நேராகக் கடன் கணக்கிலோ கார்டு எண்ணிலோ கட்டுங்கள். ஏஜென்ட்டின் ஜிபே எண்ணில் போடாதீர்கள், கையில் ரொக்கமும் வேண்டாம். ஒரு நாள் தாமதம், நூறு ரூபாய் குறைவு என்றாலும் ஒப்பந்தம் ரத்தாகலாம் என்பதால் இரண்டு வேலைநாள் முன்னதாகவே அனுப்பி, பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பின்தேதியிட்ட காசோலை கேட்டால் மறுத்துவிடுங்கள். அது பவுன்ஸ் ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்காகும். அதே வங்கியில் சம்பளக் கணக்கு இருந்தால், புரட்டிய பணத்தை அங்கே வைக்காதீர்கள். பாக்கிக்காக வங்கியே எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் ஏஜென்ட் அழைக்கக் கூடாது, உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு உத்தரவு. மீறினால் அழைப்புப் பதிவோடு வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிப்பது இன்னும் உறுதி. அங்கே வரும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

கட்டி முடித்ததும் தடையில்லாச் சான்றை எழுத்தில் கேட்டு வாங்கி, இரண்டு மாதம் கழித்து சிபிலைப் பாருங்கள். பாக்கி பூஜ்யம் என்று காட்டாவிட்டால் அந்தச் சான்றை இணைத்து சிபிலிடம் திருத்தம் கோருங்கள்; வங்கிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.