விபிஎஸ் சர்வருக்கு இலவச கண்ட்ரோல் பேனல்: தேர்ந்தெடுப்பதும் சோதிப்பதும்

விபிஎஸ் எனும் வாடகை மெய்நிகர் சர்வரையும் அதிலுள்ள தளங்களையும் உலாவியிலிருந்தே நிர்வகிக்க உதவும் மென்பொருள்தான் கண்ட்ரோல் பேனல். அவற்றில் ஒன்றான சிபேனல் 2019இல் கணக்குகளின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கிய பிறகு, மூலநிரல் திறந்த கட்டற்ற பேனல்கள் பக்கம் வருபவர்கள் பெருகிவிட்டார்கள். வந்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது ஸ்க்ரீன்ஷாட்டைத்தான். அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

கண்ட்ரோல் பேனல் ரூட் அதிகாரத்தோடு, அதாவது சர்வரில் எதையும் மாற்றக்கூடிய முழு அதிகாரத்தோடு இயங்குகிறது, அதுவும் இணையத்திலிருந்து யாரும் தட்டக்கூடிய ஒரு போர்ட்டில். அதில் ஓட்டை விழுந்தால் சர்வரில் உள்ள எல்லாத் தளங்களும் ஒரே இரவில் போய்விடும். 2024 அக்டோபரில் சைபர்பேனல் என்ற இலவசப் பேனலில், லாகின் செய்யாமலேயே ரூட் கட்டளைகளை ஓட்டக்கூடிய ஓட்டைகள் வெளியே தெரிந்தன. அப்போது சுமார் 22,000 சர்வர்களில் அந்தப் பேனல் இணையத்துக்குத் திறந்து கிடந்தது. பலவற்றின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். 2019இல் தெரியவந்த, வெப்மின் என்ற பேனலின் விவகாரம் வேறு வகை. அங்கே தொகுப்பைத் தயாரிக்கும் இயந்திரத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, 1.890 முதல் 1.920 வரையிலான பதிப்புகளில் பின்வாசல் வைத்திருந்தார்கள்.

ஆகவே ஓட்டையே விழாத பேனலைத் தேட வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது. விழுந்த ஓட்டையை எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறார்கள் என்று பாருங்கள். மூலநிரல் வைக்கப்படும் கிட்ஹப் தளத்தில் அந்தப் பேனலின் வெளியீடுகள் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பாதுகாப்புத் திருத்தங்களை வெளிப்படையாக எழுதுகிறார்களா, டெபியன் 12, உபுண்டு 24.04 போன்ற, ஆதரவு முடியாத லினக்ஸ் பதிப்புகளில் நிறுவ முடியுமா என்று பாருங்கள். சென்ட்ஓஎஸ் 7 கேட்கும் வழிகாட்டியைக் கண்டால் மூடிவிடுங்கள். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. உரிமக் கோப்பையும் ஒருமுறை திறந்து படியுங்கள். இலவசமாகத் தரப்படும் பேனல் எல்லாம் கட்டற்ற மென்பொருள் அல்ல.

அடுத்தது ரேம். 1 ஜிபி விபிஎஸ்ஸில் எல்லாவற்றையும் டிக் செய்து நிறுவுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வைரஸ் தேடும் கிளாம்ஏவி தன் தரவுத்தளம் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்ளும். அது ஒன்றுக்கே 1 ஜிபிக்கு மேல் வேண்டும். தரவுத்தளம் புதுப்பிக்கப்படும்போது சற்று நேரம் ஏறக்குறைய இரு மடங்கு கேட்கும். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் எதையாவது கொன்றாக வேண்டும், பல நேரம் சிக்குவது தரவுத்தள சர்வரான மரியாடிபி. வெளியே தெரிவதெல்லாம் வேர்ட்பிரஸ்ஸின் ‘தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை’ என்ற பிழை மட்டும். மரியாடிபியை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், சில மணி நேரத்தில் மறுபடி விழும். கெர்னல் பதிவில் நினைவகப் பற்றாக்குறையால் கொல்லப்பட்டதாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேர்ட்பிரஸ் மேல் குற்றமில்லை. கிளாம்ஏவி, குப்பை அஞ்சலை வடிகட்டும் ஸ்பாம்அசாசின் இரண்டையும் விட்டுவிட்டு நிறுவுங்கள். 2 ஜிபி ஸ்வாப்பும் (வட்டில் ஒதுக்கும் துணை நினைவகம்) சேருங்கள்.

இனி எந்தப் பேனல்? ஒரே சர்வர், பத்து இருபது வேர்ட்பிரஸ் தளங்கள், டெபியன் அல்லது உபுண்டு என்றால் ஹெஸ்டியாவையே முதலில் சொல்வோம். வெஸ்டா என்ற பழைய பேனலிலிருந்து பிரிந்து வளர்ந்தது. முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் அப்பாச்சி என்று இரண்டு வெப் சர்வர்கள் ஓடுவதால், தளத்தின் விதிகளை வைக்கும் டாட்-எச்டிஅக்சஸ் கோப்புகள் அப்படியே வேலை செய்யும். தளத்துக்குத் தளம் வேறு பிஎச்பி பதிப்பு வைக்கலாம். ஆல்மா அல்லது ராக்கி லினக்ஸ்தான் வேண்டும் என்றால் விர்ச்சுவல்மின். வெப்மின் மேல் ஓடுவது. கட்டற்ற பதிப்பிலேயே டொமைன் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. அமைப்புகள் ஏராளம், பழக நாளாகும். தளம் ஒரு சர்வரில், மின்னஞ்சல் இன்னொன்றில், டிஎன்எஸ் (டொமைன் பெயரை ஐபியோடு இணைக்கும் சேவை) வேறொன்றில் என்று பிரித்து, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நடத்த வேண்டுமானால் ஐஎஸ்பிகான்ஃபிக். ஒற்றைச் சர்வருக்கு அது அவசியமில்லை. சைபர்பேனலின் பலம் ஓப்பன்லைட்ஸ்பீட் என்ற வெப் சர்வர் தரும் கேஷ் வேகம். ஆனால் வழக்கமான ஓப்பன்லைட்ஸ்பீடில் டாட்-எச்டிஅக்சஸ் கோப்பின் ரீரைட் விதிகள் மட்டுமே செல்லும், மாற்றினால் வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மின்னஞ்சல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பேனலும் மெயில் சர்வர் தருவதாகச் சொல்லும். பல கிளவுட் நிறுவனங்கள் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. பேனலில் எல்லாம் பச்சையாகத் தெரியும், அஞ்சல் மட்டும் வரிசையில் தேங்கி நிற்கும். போர்ட் திறந்திருந்தாலும் ஐபிக்கு பிடிஆர் பதிவு (ஐபி எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் டிஎன்எஸ் பதிவு) இல்லையென்றால் ஜிமெயில் மதிக்காது. தள நிர்வாகம் மட்டும்தான் தேவை என்றால், மெயிலை வெளிச் சேவையிடம் விட்டுவிட்டு அந்தப் பகுதியையே நிறுவாமல் இருப்பது நல்லது.

நிறுவும்போது புதிய ஓஎஸ்ஸில் மட்டும் நிறுவுங்கள். ஏற்கெனவே அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் ஓடும் சர்வரில் ஹெஸ்டியாவின் நிறுவி தானே நின்று எச்சரிக்கும், வற்புறுத்தித் தொடராதீர்கள். ஹோஸ்ட்நேமாக, அதாவது சர்வரின் பெயராக, உங்கள் முதன்மை டொமைனைக் கொடுக்காமல் ஒரு துணை டொமைனைக் கொடுங்கள். இல்லையென்றால் பிறகு அந்த டொமைனில் தளம் அமைக்கும்போது ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறுக்கும். ஹெஸ்டியாவுக்கு 8083, விர்ச்சுவல்மினுக்கு 10000, ஐஎஸ்பிகான்ஃபிக்குக்கு 8080, சைபர்பேனலுக்கு 8090 என்பவை வழக்கமான போர்ட்கள். நிறுவியும் பேனல் திறக்கவில்லையென்றால் கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வாலில் பாருங்கள், அது பேனலின் ஃபயர்வாலுக்கு வெளியே தனியாக நிற்பது. திறந்ததும் அந்தப் போர்ட்டை உங்கள் ஐபிக்கு மட்டும் என்று சுருக்குங்கள். வீட்டு இணைப்பின் ஐபி மாறிக்கொண்டே இருந்தால் எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குள் போகும் மறையாக்கப்பட்ட வழி) மூலம் நுழையலாம்.

தளத்துக்கு எச்டிடிபிஎஸ் தரும் எஸ்எஸ்எல் சான்றிதழ் கிடைக்காமல் போவதற்குப் பேனல் காரணமாக இருப்பது அரிது. டொமைனுக்கு மூன்று டபிள்யூ மாற்றுப்பெயரைப் பேனல் தானே சேர்த்திருக்கும், டிஎன்எஸ்ஸில் அதற்குப் பதிவு இருக்காது. அந்த ஒன்று தவறினால் முழுச் சான்றிதழும் நிற்கும். இன்னொன்று கண்ணில் படாதது: பழைய சர்வரைக் காட்டும் ஐபிவி6 பதிவு. அது இருந்தால், சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் முதலில் அங்கேதான் போகும். பதிவுகளைச் சரிசெய்யாமல் பொத்தானை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை தோற்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

வாடிக்கையாளர் தளத்தை ஏற்றும் முன் மீட்டெடுப்பைச் சோதித்துவிடுங்கள். மணிக்கணக்கில் வாடகை எடுக்கும் இரண்டாவது விபிஎஸ் போதும். அதே பேனலை நிறுவி, முதல் சர்வரில் எடுத்த பேக்கப் கோப்பை நகலெடுத்து, அங்கே மீட்டெடுங்கள். தளம் திறக்கிறதா, தரவுத்தளப் பயனரின் கடவுச்சொல் ஒத்துப்போகிறதா, கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானே ஓடுபவை) வந்தனவா, பிஎச்பி பதிப்பு அதேதானா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேக்கப் இயல்பாக அதே சர்வரின் வட்டில்தான் சேரும். வட்டு போனால் அதுவும் போகும் என்பதால் எஸ்எஃப்டிபி வழியாக வெளியே அனுப்பும் வசதியை இயக்குங்கள். கணக்குக்கு வெளியே நீங்கள் கையால் செய்த மாற்றங்கள், அதாவது கூடுதலாக நிறுவிய தொகுப்புகளும் ரூட்டின் கிரான் வரிகளும், அந்த பேக்கப்பில் வராது. அவற்றைத் தனிக் கோப்பில் எழுதி, பேக்கப் போகும் இடத்திலேயே வையுங்கள்.