ஆபீஸ் இன்டர்காமுக்குப் பின்னால் இருக்கும் மோடத்திலிருந்து வெளியே போன் கால் போக

ஃபேக்ஸ் அனுப்ப யுஎஸ்பி மோடம் வாங்கிச் செருகியாயிற்று, விண்டோஸ் 10 அதை அடையாளமும் கண்டுகொண்டது, ஆனால் கால் மட்டும் போகவில்லையா? பெரும்பாலும் மோடத்தில் பழுது இருக்காது. டயல் செய்யும் அமைப்பில்தான் சிக்கல்.

படி 1. டெலிபோன் ஒயரை "லைன்" என்று எழுதிய துளையில் செருகுங்கள். லைன் அனலாக்தானா (சாதாரண போன் மாட்டும் லைன்தானா) என்று முதலில் விசாரியுங்கள். டிஜிட்டல் இபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் இன்டர்காமின் உள் எக்ஸ்சேஞ்ச்) எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் மோடமே எரிந்துபோகலாம்.

படி 2. கண்ட்ரோல் பேனலில் "போன் அண்ட் மோடம்" பகுதியைத் திறந்துகொள்ளுங்கள். முதல் தடவை நாடு, ஏரியா கோட், வெளி லைன் எடுக்கும் எண் எல்லாம் கேட்கும். சென்னைக்கு 44, முன்னால் பூஜ்யம் வேண்டாம். டோன், பல்ஸ் இரண்டில் டோனைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3. அதே பெட்டியில் மோடம்ஸ் → ப்ராப்பர்டீஸ் → டயக்னாஸ்டிக்ஸ் → க்வெரி மோடம். பதில் வரிகள் வந்தால் நல்லது. வராவிட்டால் டிரைவரை (மோடத்தை இயக்கும் மென்பொருளை) சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்டர்காமின் டயல் டோன் வெளி எக்ஸ்சேஞ்சின் டோன் மாதிரி இருக்காது. மோடம் தனக்குப் பழகிய டோனுக்காகக் காத்திருந்து, "நோ டயல்டோன்" என்று கைவிரித்துவிடும். அதே ப்ராப்பர்டீஸில் மோடம் பக்கத்துக்குப் போய், "வெயிட் ஃபார் டயல் டோன் பிஃபோர் டயலிங்" டிக்கை எடுத்துவிடுங்கள். கட்டம் மங்கலாக இருந்தால், ஜெனரல் பக்கத்தில் "சேஞ்ச் செட்டிங்ஸ்" அழுத்திவிட்டு வாருங்கள். ஸ்பீக்கர் ஒலியையும் கூட்டி வையுங்கள். என்ன நடக்கிறது என்பதைக் காதால் கேட்டே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

படி 5. விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேனில், டூல்ஸ் → ஃபேக்ஸ் அக்கவுண்ட்ஸ் போய் மோடத்தைச் சேருங்கள். புது ஃபேக்ஸில் "டயலிங் ரூல்" என்ற இடத்தில் "நன்" (None) என்று இருந்தால், படி 2-இல் கொடுத்தது எதுவும் எடுபடாது. எண்ணை முழுசாக நீங்களே அடிக்க வேண்டும். வெளி லைனுக்கு 0 என்றால், "0," போட்டு அதன்பின் எண். அந்தக் காற்புள்ளி வழக்கமாக 2 விநாடி இடைவெளி தரும். லைன் கிடைக்கத் தாமதமானால் இரண்டு காற்புள்ளி போடுங்கள்.

படி 6. முதல் ஃபேக்ஸை உங்கள் செல்போனுக்கே அனுப்புங்கள். எடுத்துக் காதில் வைத்தால் 3 விநாடி இடைவெளி விட்டு விட்டு அரை விநாடி "பீப்" கேட்கும். எதிர்முனையில் ஃபேக்ஸ் இல்லாததால் அனுப்பியது தோற்றுப்போனதாகத் திரையில் காட்டும், அதை விடுங்கள். பீப் கேட்டுவிட்டால் கால் வெளியே போகிறது.