ஏமாற்றிய படத்தை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி?

ஒரு சுயாதீனத் திரைப்படம் ஏமாற்றும்போது, பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிடாமல், அது எந்த இடத்தில் தவறியது என்று தேடிப் பார்க்க வேண்டும். அதற்குப் பழகிக்கொள்ள மிகவும் ஏற்றது, அமெரிக்க நடிகர் ஜான் கிராசின்ஸ்கி முதன்முதலாக இயக்கி 2009 சண்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட 'ப்ரீஃப் இன்டர்வியூஸ் வித் ஹிடியஸ் மென்'. ஆண்கள் தம் உறவுகளைப் பற்றித் தாமே அளிக்கும் வாக்குமூலங்களால் ஆன இப்படத்துக்கு மூலம், அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1999இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு.

முதலில் நூலில் உள்ள நேர்காணல்களைப் படியுங்கள். கேள்வி கேட்பவரின் சொற்கள் அங்கே அச்சாகவே இல்லை; கேள்வி வர வேண்டிய இடத்தில் 'க்யூ' என்னும் ஒற்றை ஆங்கில எழுத்து மட்டுமே நிற்கிறது. அவர் என்ன கேட்டிருப்பார், எந்தச் சொல்லில் முகம் சுளித்திருப்பார் என்பதையெல்லாம் ஆண்களின் பதில்களைக் கொண்டு நாமே ஊகிக்க நேர்வதால், பேசுகிறவனை எடைபோடும் பொறுப்பும் நம்மிடமே வந்து சேர்கிறது.

அடுத்து, சுமார் 80 நிமிடம் ஓடும் படத்தை ஒரே அமர்வில் பாருங்கள். அந்த ஒற்றை எழுத்துக்குப் படம் சாரா என்று பெயர் வைத்து, ஆய்வு மாணவியாக்கி, காதலன் விட்டுச்சென்ற துயரத்தையும் தந்துவிடுகிறது. சாராவாக வரும் ஜூலியான் நிக்கல்சனின் நடிப்பில் குறையில்லை. ஆனாலும் ஒவ்வொருவர் பேச்சையும் சாராவின் காயத்துக்கான விடையாகவே கேட்க வேண்டியிருக்கிறது; என் ஏமாற்றத்தின் வேர் இதுதான்.

தேறிய காட்சியையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். கழிவறைப் பணியாளராக உழைத்த தந்தையைப் பற்றி மகன் பேசும் காட்சியில், மகனாக நடித்த ஃபிராங்கி ஃபைசனின் குரலில் அவமானமும் கோபமும் அன்பும் பிரிக்க முடியாதபடி கலந்து நிற்கின்றன. சாராவின் காதல் முறிவோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லாததால்தான் இது உயிரோடு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக, முன்னாள் காதலனாக கிராசின்ஸ்கியே நடித்திருக்கும் நீண்ட பேச்சை இரண்டு முறை அணுகுங்கள். முதல் முறை வழக்கம்போல் பாருங்கள். மறுமுறை கண்களை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். சாராவின் முகம் மறைந்ததும், தன்னை நியாயப்படுத்தப் பேசத் தொடங்கியவன் எந்த வாக்கியத்தில் தன்னையே காட்டிக்கொடுக்கிறான் என்பது புலப்படத் தொடங்கும். அந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் விமர்சனத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.