அவசரத்தை தைரியமா மாத்தப் பாக்குறவங்க வழக்கமா சறுக்குற இடங்கள்

பொறுமை இல்லாதவங்களுக்கு தைரியம் ஜாஸ்தின்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நினைப்பு இருக்கு. பட்டுன்னு பேசிடுவான், மூஞ்சிக்கு நேரா கேட்டுடுவா, அதெல்லாம் பயப்படாத ஆளுங்கன்னு சொல்லுவோம். கொஞ்சம் கிட்ட போய் பாத்தா பாதி நேரம் கதையே வேற. என்ன பதில் வரும்னு தெரியாம தவிக்கிற அந்த நேரத்தை அவங்களால தாங்க முடியல, அதனால எதையாவது சொல்லி எதையாவது செஞ்சு அதை சீக்கிரம் முடிச்சு வைக்கப் பாக்குறாங்க, அவ்ளோதான். பயந்தவன் அந்த தவிப்புல இருந்து பின்பக்கமா ஓடுறான், அவசரக்காரன் முன்பக்கமா ஓடுறான், ஓடுறது என்னவோ ரெண்டு பேரும்தான். அதனாலதான் அவசரத்தை தைரியமா மாத்த முடியும்னு நான் நம்புறேன், பழக வேண்டியது அந்த தவிப்புக்குள்ள கொஞ்ச நேரம் நிக்கிறது மட்டும்தானே. ஆனா இதை ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் ஒரே மாதிரி இடங்கள்லதான் கவுந்துடுறாங்க.

முதல் தவறு, வேகமா செஞ்சதெல்லாம் துணிச்சலா செஞ்சதுன்னு கணக்குல எழுதிக்கிறது. ராத்திரி கோபத்துல ராஜினாமா மெயில் அனுப்புறது, சண்டை நடுவுல "இனிமே பேசவே வேணாம்"னு போனை கட் பண்றது, குரூப்ல எல்லார் முன்னாடியும் ஒருத்தரை வாங்கு வாங்குன்னு வாங்குறது. செய்யும்போது செம கெத்தா இருக்கும். இதுக்கு நான் பாக்குற சோதனை ஒன்னுதான்: இதையே நாளைக்கு காலைல, தூங்கி எழுந்து, ஆற அமர உக்காந்து செய்வேனா? செய்வேன்னா அதுல தைரியம் இருக்கு, தாராளமா செய்யலாம். இப்பவே, இந்த நிமிஷமே செஞ்சாகணும், விட்டா செய்ய மாட்டேன்னு தோணுச்சுன்னா அது வெறும் ஆத்திரம். ஆத்திரக்காரனுக்கு புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

இதே தவறுக்கு சத்தமே இல்லாத ஒரு வடிவம் இருக்கு, யாரும் கவனிக்கிறதில்ல, என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப நஷ்டம் பண்றது. சம்பள உயர்வு கேக்குற இடத்தை எடுத்துக்கோங்க. பல நாளா மனசுக்குள்ளயே ஒத்திகை பாத்து, ஒருவழியா மேனேஜர் ரூமுக்குள்ள போய், கேக்க வேண்டியதை தெளிவா கேட்டாச்சு. அவர் உடனே பதில் சொல்லல. பேனா மூடியை திறக்குறார், மூடுறார், ஸ்க்ரீனை ஒரு தடவை பாக்குறார். மூணு செகண்ட் கூட ஆகியிருக்காது, நம்ம வாய் தானா திறந்து "இல்ல சார், இப்போ முடியலன்னாலும் பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு சொல்லிடுது. அவர் முடியாதுன்னு சொல்லவே இல்லைங்க. கேட்டவரும் நாமதான், வாபஸ் வாங்குனவரும் நாமதான். கேக்க தைரியம் இருந்துச்சு, கேட்டதுக்கு அப்புறம் வந்த அந்த அமைதியில நிக்கத்தான் பொறுமை இல்ல.

இதுக்கு ஒரு சின்ன பழக்கம் போதும். தினமும் யார்கிட்டயாவது ஒரு கேள்வி கேளுங்க, கேட்டுட்டு அவங்க பதில் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. கேள்விக்கு விளக்கம் கொடுக்கிறது, "சும்மாதான் கேட்டேன்"னு வால் ஒட்டுறது, நாமளே ரெண்டு ஆப்ஷன் எடுத்துக் குடுக்கிறது எதுவும் கூடாது. மொதல்ல நண்பர்கள்கிட்ட, வீட்டு ஆளுங்ககிட்ட, அப்புறமா கஷ்டமான ஆளுங்ககிட்ட. ரெண்டு மூச்சு இழுத்து விடுற நேரம்தான், ஆனா ஆரம்பத்துல அது எவ்ளோ நீளமா தெரியும்னு செஞ்சு பாத்தாதான் தெரியும்.

அடுத்தது இதுக்கு நேர் எதிர் பக்கம். பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லிக்கிட்டு அவசரத்தையே மொத்தமா அமுக்கி வைக்கிறது. பேச வேண்டியதை பேசாம வருஷக்கணக்குல தள்ளிப்போட்டுட்டு "நான் பொறுமையா இருக்கேன்"னு சொல்றவங்க இருக்காங்களே, அதுல பாதிக்கு மேல பயம்தான், பொறுமைங்கிறது மேல போத்தின போர்வை. அவசரம் வர்றது ஒன்னும் கெட்டதில்ல, ஏதோ ஒன்னு நமக்கு முக்கியம்னு அது சொல்லுது. அது எந்த விஷயத்துல வருதுன்னுதான் பாக்கணும். ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதுங்க, இன்னைக்கு எங்க பரபரன்னு இருந்துச்சு, அது என் கையில இருக்கிற விஷயமா இல்லையான்னு. கொஞ்ச நாள்லயே தெரிஞ்சிடும், கியூல நிக்கிறப்போ வர்ற எரிச்சல் ஒரு வகை, மூணு மாசமா பண்ணாம வச்சிருக்கிற அந்த ஒரு போன் கால் ஞாபகம் வர்றப்போ ஏறுற எரிச்சல் வேற வகை. ரெண்டாவது வகைக்கு பொறுமை மருந்தே இல்ல, அந்த பரபரப்பு உடம்புல இருக்கும்போதே நம்பரை டயல் பண்றதுதான் மருந்து.

அப்போ நம்ம கையில இல்லாத காத்திருப்புக்கு என்ன பண்றது? இங்க எல்லாரும் பண்ற தப்பு, விரட்டுறது. மெசேஜ் அனுப்புவோம், ப்ளூ டிக் விழும், பதில் வராது, உடனே "ஹலோ", அப்புறம் "பாத்தீங்களா", அப்புறம் வெறும் ரெண்டு கேள்விக்குறி. காத்திருக்கிறவங்களோட மனசைப் பத்தி டேவிட் மைஸ்டர்ங்கிறவர் 1985-ல ஒரு கட்டுரை எழுதினார், அதுல ஒரு பாயிண்ட், எவ்ளோ நேரம்னு தெரிஞ்ச காத்திருப்பை விட தெரியாத காத்திருப்பு ரொம்ப நீளமா தெரியும்ங்கிறது. நாம அந்த மூணாவது மெசேஜ் அனுப்புறதும் அதனாலதான். அதுக்கு பதிலா முதல் மெசேஜ்லயே "எந்த தேதிக்குள்ள சொல்ல முடியும்?"னு கேட்டுடலாம்ல. கேக்கலாம், ஆனா கேக்க கூச்சப்படுறோம், அவர் தப்பா நினைச்சுப்பாரோன்னு. கேள்விக்குறியா அனுப்பி நச்சரிக்க கூச்சமில்ல, நேரா தேதி கேக்க மட்டும் கூச்சம், இது என்ன லாஜிக்னு எனக்கு இன்னும் புரியல. தினமும் ஒரு இடத்துலயாவது இப்படி தேதியோ நேரமோ கேட்டுப் பழகுங்க, காத்திருக்கிறதும் சுலபமாகும், நேரா கேக்குற பழக்கமும் வந்துடும்.

உள்ள இருக்கிறதை கொட்டிட்டா சரியாயிடும்னு நினைக்கிறது இன்னொன்னு. கத்திடு, தலையணையை குத்து, மனசு லேசாயிடும்னு அட்வைஸ் சொல்லுவாங்க. பிராட் புஷ்மன்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 2002-ல வெளியிட்ட ஆய்வுல, கோபப்படுத்தப்பட்டவங்களை அந்த கோபப்படுத்தின ஆளையே நினைச்சுக்கிட்டு குத்துப்பையை குத்தச் சொன்னாங்க, இன்னொரு கூட்டத்தை எதுவும் செய்யாம சும்மா உக்கார வச்சாங்க. குத்தினவங்களுக்குத்தான் கோபம் ஜாஸ்தியா இருந்துச்சு. 2024-ல அவரும் சோஃபி கெர்விக்கும் 154 ஆய்வுகளை சேத்து வச்சு பாத்தப்பவும் அதே கதைதான், மூச்சுப் பயிற்சி, தியானம் மாதிரி உடம்போட படபடப்பை இறக்குற விஷயங்கள் கோபத்தை குறைச்சுது, படபடப்பை ஏத்துற விஷயங்கள் மொத்தத்துல பாத்தா குறைக்கல. அதனால பொறுமை போற நேரத்துல மூச்சை மெதுவா வெளிய விட்டுட்டு அப்புறம் பேசுறதுதான் நல்லது, சொல்ல வேண்டியதை சொல்லக்கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, சொல்லுங்க, அரை நிமிஷம் கழிச்சு சொல்லுங்க.

பயம் போனதும் செய்றேன்னு காத்திருக்கிறவங்க ஒரு தனி ரகம். பயம் அப்படி தானா போகாது, செய்ய செய்யத்தான் இறங்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பயம் உச்சத்துல இருக்கும்போது அந்த இடத்தை விட்டு கிளம்பிட்டீங்கன்னா உடனே ஒரு நிம்மதி வரும் பாருங்க, அந்த நிம்மதிதான் மூளைக்கு பரிசு, "தப்பிச்சது நல்லதுக்குத்தான்"னு அது கத்துக்கும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா ஓடச் சொல்லும். அதனாலதான் சிகிச்சையில கூட பயத்தை படிப்படியா சந்திக்க வைக்கிறாங்க, ஜோசப் வோல்பேங்கிற மனநல மருத்துவர் 1958-லயே பயங்களை சின்னதுல இருந்து பெருசுன்னு வரிசைப்படுத்தி ஒவ்வொன்னா ஏறுற முறையை விளக்கி எழுதிட்டார். மீட்டிங்ல பேச பயம்னா முதல் நாளே பிரசன்டேஷன் வேணாம், மொதல்ல ஒரு கேள்வி, அப்புறம் ஒரு கருத்து, அப்புறம் ஒரு மறுப்பு, இப்படி. ஒவ்வொரு படியிலயும் படபடப்பு கொஞ்சம் இறங்குற வரைக்கும் அங்கேயே இருங்க. (தூக்கமே வராத அளவுக்கு, வீட்டை விட்டு வெளிய போகவே முடியாத அளவுக்கு பயம்னா இந்த மாதிரி டிப்ஸ் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க.)

படபடப்பு வந்தா "அமைதியா இரு, அமைதியா இரு"ன்னு நம்மளையே மிரட்டுறதும் பெருசா உதவாது. அலிசன் வுட் புரூக்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 2014-ல வெளியிட்ட சோதனைகள்ல, மேடைப் பேச்சுக்கு முன்னாடி "நான் அமைதியா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்களை விட "எனக்கு உற்சாகமா இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டவங்க நல்லா பேசினாங்க. யோசிச்சா நியாயமாத்தான் இருக்கு, நெஞ்சு வேகமா அடிக்கிறது பயத்துக்கும் உற்சாகத்துக்கும் பொது, அந்த வேகத்தை நிறுத்துறதை விட அதுக்கு வேற பேர் வைக்கிறது சுலபம்.

அப்புறம் இந்த பெரிய சபதங்கள். "நாளையில இருந்து நான் வேற ஆளு." இதுல நாளைன்னு மட்டும்தான் இருக்கு, எத்தனை மணிக்கு, எங்க, எது நடந்தா, எதுவுமே இல்ல. பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் 1999-ல இதைப் பத்தி எழுதினதுல முக்கியமான விஷயம், வெறும் ஆசையை விட "இது நடந்தா இதை செய்வேன்"னு முன்கூட்டியே முடிச்சு போட்டு வச்சது நிறைவேறுற வாய்ப்பு ஜாஸ்திங்கிறது. "யாராவது நான் பேசும்போது குறுக்க வந்தா, அவங்க முடிச்சதும் 'நான் சொல்லிட்டு இருந்ததை முடிச்சிடுறேன்'னு சொல்லுவேன்." இந்த அளவுக்கு குறிப்பா இருக்கணும். குரலை உயர்த்த வேணாம், மூஞ்சியை தூக்கி வச்சுக்க வேணாம், அந்த ஒரு வாக்கியம் போதும்.

போனைப் பத்தி சொல்லாம விட முடியாது. லிஃப்ட்டுக்கு நிக்கிற நேரம், பக்கம் லோட் ஆகுற நேரம், எதிர்ல இருக்கிறவர் எழுந்து போன நேரம், கை தானா பாக்கெட்டுக்கு போயிடுது. நமக்கு சும்மா இருக்கிறதுன்னா எவ்ளோ கஷ்டம்னு டிமோத்தி வில்சன்ங்கிற உளவியலாளரோட குழு 2014-ல காட்டினாங்க, 15 நிமிஷம் தனியா ஒரு ரூம்ல உக்கார வச்சு, வேணும்னா அழுத்திக்கலாம்னு லேசான ஷாக் கொடுக்கிற பட்டன் ஒன்னும் வச்சாங்க. காசு கொடுத்தாவது இந்த ஷாக்கை தவிர்ப்போம்னு முன்னாடி சொன்னவங்கதான் எல்லாரும், ஆனா 18 ஆம்பளைங்கள்ல 12 பேரும் 24 பொம்பளைங்கள்ல 6 பேரும் பட்டனை அழுத்திட்டாங்க! ஒவ்வொரு இடைவெளியையும் போன் வச்சு அடைச்சுட்டு, தவிப்பை தாங்குற சக்தி வரலைன்னா எங்க இருந்து வரும். எல்லாத்தையும் விடச் சொல்லல, ஒரு நாளைக்கு ஒரு இடைவெளியை மட்டும் காலியா விடுங்க.

"என் குணமே இப்படித்தான், எனக்கு பொறுமை பிறவியிலயே இல்ல"ன்னு முத்திரை குத்திக்கிறதையும் விட்டுடலாம். உடனே எடுத்தா ஒரு இனிப்பு, காத்திருந்தா ரெண்டு இனிப்பு கிடைக்கும்னு குழந்தைங்களை வச்சு பண்ண சோதனை எல்லாருக்கும் தெரியும். 2013-ல ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துல அதை கொஞ்சம் மாத்தி பண்ணாங்க, சோதனைக்கு முன்னாடியே ஒரு கூட்டத்துக்கிட்ட சொன்ன வாக்கை காப்பாத்தினாங்க, இன்னொரு கூட்டத்துக்கிட்ட காப்பாத்தல. வாக்கு காப்பாத்தப்பட்ட குழந்தைங்க சராசரியா 12 நிமிஷம் காத்திருந்தாங்க, ஏமாந்தவங்க 3 நிமிஷம்தான். நம்பிக்கை இல்லாத இடத்துல யாரு காத்திருப்பா? இதை நான் நமக்கே பொருத்திப் பாப்பேன். தினமும் நமக்கு நாமே சொல்லிக்கிற வாக்கை உடைச்சுக்கிட்டே இருந்தா நம்ம மனசும் நம்மளை நம்பாது. அதனாலதான் பழக்கம் சின்னதா இருக்கணும்னு அடிச்சு சொல்றேன், கேவலமா தோணுற அளவுக்கு சின்னதா இருந்தாலும் பரவால்ல, தவறாம காப்பாத்த முடியணும்.

ரிசல்ட்டை வச்சு மார்க் போடுறதும் கூடாது. கேட்டீங்களா, அன்னைக்கு கணக்கு முடிஞ்சுது, டிக் போட்டுடுங்க. அவர் சரின்னு சொன்னாரா இல்லையாங்கிறது அவர் பாடு.

கடைசியா, பழக்கத்து மேலயே அவசரப்படுறது. 21 நாள்ல எதையும் மாத்திடலாம்னு ஒரு கணக்கு ஓடிக்கிட்டு இருக்கு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல, மாறின முகத்துக்கு நோயாளிங்க மனசு பழக குறைஞ்சது சுமார் 21 நாளாகுதுன்னு எழுதினது அது, போகப் போக குறைஞ்சதுங்கிற வார்த்தை காணாம போயிடுச்சு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வச்சு ஆராய்ஞ்சப்போ ஒரு பழக்கம் தானா ஓடுற நிலைக்கு வர சராசரியா 66 நாள்னு கணக்கு வந்துச்சு, ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும். 22-வது நாள் "எனக்கு இது செட் ஆகல"ன்னு விட்டவங்க எத்தனை பேரோ. அதே ஆய்வுல வந்த இன்னொரு விஷயம், நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் உருவாகுறது பெருசா பாதிக்கப்படல. அதனால நேத்து விட்டுட்டோமேன்னு இன்னைக்கு ரெண்டு கேள்வி கேக்கணும், ரெண்டு வரி எழுதணும்னு ஈடு கட்ட வேணாம், வழக்கமான அந்த ஒன்னே போதும்.