குற்றவியலையும் சமூகவியலையும் ஒரே கொப்பியில் படிப்பது எப்படி

நான் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் சமூகவியலைத் துறையாக எடுத்து, குற்றவியல் பாடங்களையும் சேர்த்துப் படித்தேன். உயர்தரம் எழுதிவிட்டு இதே வழியில் வர நினைக்கும் வன்னித் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

குற்றவியல் என்றதும் வீட்டில், "அப்ப பிள்ளை சட்டத்தரணியோ?" என்று கேட்பார்கள். அது குற்றவியல் சட்டம். எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை சொல்லிவிடும். அந்தக் குற்றம் ஏன் நடக்கிறது, யார் பிடிபடுகிறார், பிடிபட்டவருக்குப் பிறகு என்ன ஆகிறது என்று தேடுவதுதான் குற்றவியல் படிப்பு. சமூகவியல் அந்த ஆளை வளர்த்த ஊரைப் பார்க்கிறது.

வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானபோது பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்ற மூன்று பீடங்களோடுதான் தொடங்கியது. ஆகவே கலைப்பிரிவுப் பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சமூகவியல் துறை இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் குற்றவியல் படிப்பிக்கிறார்கள். பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் பாட அலகுகளையும் மொழி மூலத்தையும் கேட்டறிந்துவிட்டு விண்ணப்பியுங்கள். பிறழ்நடத்தை (ஊர் வழக்கத்தை மீறும் நடத்தை), சமூகக் கட்டுப்பாடு போன்ற அலகுகள் சமூகவியலுக்குள்ளேயே இருக்கும்.

சரி, படிக்கும் முறைக்கு வருவோம். முதலாம் வருடத்தில் இரண்டு பாடத்துக்கும் இரண்டு கொப்பி வைத்திருந்தேன். பரீட்சைக்கு முதல் இரவு பார்த்தால் இரண்டிலும் அதே பெயர்கள்தான், ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை. பிறகு தடித்த மட்டை சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, ஊரில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் எழுதத் தொடங்கினேன். இடப்பக்கம் குற்றவியல், வலப்பக்கம் சமூகவியல்.

என் முதல் சம்பவம் மணல். பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் இரவில் ஆற்று மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தோடு பிடிபட்டான். இடப்பக்கத்தில் முதலில் சட்டம்: 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண் அள்ள முடியாது. அடுத்து கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு குற்றம் நடக்கச் சேர வேண்டும் என்று 1979இல் சொன்ன மூன்று: செய்ய நினைக்கும் ஒருவன், எடுக்கக் கூடிய பொருள், காவல் இல்லாமை. இரவு பதினொரு மணி ஆற்றங்கரையில் மூன்றும் ஒன்றாக நிற்கும். அதற்குக் கீழே அமெரிக்கக் குற்றவியலாளர் சதர்லாந்து. குற்றம் பழகியவர்களிடமிருந்து கற்கப்படுகிறது, செய்யும் முறை மட்டுமல்ல, அதற்கான நியாயமும் சேர்த்தே கற்கப்படுகிறது என்றவர் அவர். பொலிஸ் வந்தால் சொல்லச் சந்தியில் ஒருவனை நிறுத்திப் போன் அடிக்க வைப்பதையும், "ஆத்து மண் ஆரின்ர வீட்டுச் சொத்து?" என்று கேட்பதையும் அந்தப் பெடியன் ஒரே ஆட்களிடம்தான் பழகியிருந்தான்.

வலப்பக்கம் நிரம்ப நாள் பிடித்தது. உழவு இயந்திரம் லீசிங்கில் எடுத்தது. அந்தப் போகம் வயல் அழிந்துபோனது. லீசிங் தவணை மட்டும் மாதா மாதம் வந்தது. சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு, அதை அடையும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்று சமூகவியலாளர் மேர்ட்டன் 1938இல் எழுதினார். அவர் எழுதியது அமெரிக்காவைப் பற்றி. எனக்கு எங்கள் ஒழுங்கை தெரிந்தது. பிணையில் வந்த பெடியனுக்கு ஊர் வைத்த பெயர் "மண் கள்ளன்". அதன்பின் ஒருவரும் அவனைக் கூலிக்குக் கூப்பிடவில்லை. ஊர் குத்தும் பெயரே ஒருவனைப் பிறழ்ந்தவனாக்கும் என்று சமூகவியலாளர் பெக்கர் 1963இல் எழுதிய முத்திரை குத்தல் கோட்பாட்டை நான் பாடமாக்கவே இல்லை, இந்தப் பெடியனை நினைத்தால் தானாக வரும். அந்த மணலை வாங்கி வீடு கட்டியவருக்கு மட்டும் ஊர் பெயர் ஒன்றும் வைக்கவில்லை.

இரண்டு பக்கமும் எழுதி முடித்ததும் நடுவில் ஒரு கேள்வி எழுதுங்கள். என்னுடையது: அதே லீசிங் கட்டும் மற்றப் பெடியள் ஏன் ஆற்றுக்குப் போகவில்லை? குற்றவியலாளர் ஹிர்ஷி 1969இல் இப்படித்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஒருவனைக் குடும்பத்தோடும் ஊரோடும் கட்டிவைக்கும் பிணைப்புகளை அவர் தேடினார்.

புள்ளிவிபரத்தில் கவனம் வேண்டும். வன்னியின் பெரும்பகுதி பல வருடங்கள் அரசின் கையில் இருக்கவில்லை. விடுதலைப் புலிகளின் காவல்துறையும் நீதிமன்றங்களும்தான் இயங்கின. அந்தக் காலத்துக் குற்றங்களை இலங்கைப் பொலிஸ் அட்டவணையில் தேடக் கூடாது. 2009க்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருந்தால், குற்றம் கூடியதா, முறைப்பாடு எழுத ஓர் இடம் வந்ததா என்று முதலில் கேளுங்கள். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண் எந்தக் காலத்திலும் அட்டவணைக்குள் முழுதாக வந்ததில்லை.

நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் இருங்கள். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி வழக்குகள் பொதுவாகத் திறந்த மன்றில்தான் நடக்கும், சிறுவர் வழக்குகள் அப்படியல்ல. போனை நிறுத்திவிட்டுக் கடைசி வாங்கில் இருந்தால் போதும். கூண்டில் நிற்பவரை மட்டும் பார்க்காமல், வெளியே வேப்பமர நிழலில் சாப்பாட்டுப் பார்சலோடு நிற்கும் தாயையும் பாருங்கள். கொப்பியில் எவரின் பெயரும் வேண்டாம், இலக்கம் போடுங்கள்.

களவேலையில் நான் ஒரு பிழை விட்டேன். இரண்டாம் வருடம், குடும்பங்களின் இழப்புப் பற்றிய வினாக்கொத்தோடு தெரிந்த ஒரு மாமி வீட்டுக்குப் போனேன். பதினெட்டுக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னா. முடிந்ததும் உள்ளே போய், காணாமல் போன மகனின் அடையாள அட்டைப் பிரதியைப் பொலித்தீன் பையில் சுற்றியபடி எடுத்து வந்து என் மடியில் வைத்தா. "பிள்ளை, நீங்கள் எந்தக் கந்தோர்? இதையும் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றா. நான் எந்தக் கந்தோரும் இல்லை. ஒரு ஒப்படைக்காக அவவுக்கு வீணாக நம்பிக்கை கொடுத்திருக்கிறேன். அன்று பின்னேரம் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். அந்தத் தாள்களை ஒப்படையில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு முதல் நாள் நான் கொப்பி கொண்டுபோவதில்லை. போய் இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். இரண்டாம் முறை போகும்போது நான் யார், எதற்குக் கேட்கிறேன், இதனால் அவர்களுக்கு நட்டஈடோ காணாமல் போனவர் பற்றிய செய்தியோ வராது என்பதைக் கேள்வி தொடங்க முன்னமே சொல்வேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். கேட்டுவிட்டு "வேண்டாம் பிள்ளை" என்றால், "சரி மாமி" என்று எழும்பி வந்துவிட வேண்டும்.