கிணற்றுக்குக் குளோரின் போடும்போது குழாய்களை மறந்துவிடாதீர்கள்

தண்ணீரைப் பரிசோதித்து 'கோலிஃபார்ம் இருக்கிறது' (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா) என்று அறிக்கை வந்துவிட்டதா? எங்களுக்கும் அதுதான் நடந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டோம், ஒரு வாரம் கழித்துப் பரிசோதித்தால் மறுபடியும் அதே முடிவு. இரண்டாம் தடவைதான் சரியாக அமைந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தூர் வாரி, சுவர் விரிசல்களை அடைத்துவிடுங்கள். சேறும் இலைச் சருகும் கிடந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து அளவு. கயிற்றைவிட நுனியில் கல் கட்டிய அளவு நாடாதான் எனக்குப் பிடிக்கும். கிணற்றின் மொத்த ஆழம் வேண்டாம், தண்ணீர் நிற்கும் உயரம் மட்டும் போதும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி, தண்ணீர் உயரத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர்.

புதிய பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். 1,000 லிட்டருக்கு 150 கிராம் போட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கிடைக்கும். மேலே சொன்ன கிணற்றுக்கு 4.2 கிலோ. திறந்து வைத்த பழைய பை வேண்டவே வேண்டாம், வீரியம் போயிருக்கும்.

பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளிகளில் பிரித்துப் போட்டு, குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆசிட் எதையும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

நான் தவறிய இடம் இதற்கு அப்புறம்தான். கிணற்றுக்குள் ஊற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். கிருமி மேல்நிலைத் தொட்டியிலும் குழாய்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் வழியாகத் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்பி, உள்சுவர் முழுக்க நனையும்படி சுற்றிச் சுற்றி அடியுங்கள். பிறகு தொட்டியை நிரப்புங்கள். வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குளோரின் வாடை வந்த பிறகு மூடுங்கள். மாடி, தோட்டம், கழிப்பறை எதையும் விடாதீர்கள். வடிகட்டி இருந்தால் முன்னதாகவே கழற்றிவிடுங்கள்.

12 மணி நேரம் அப்படியே விடுங்கள். யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ அதில் குளிக்கவோ கூடாது. பிறகு வாடை போகும்வரை இறைத்து வெளியேற்றுங்கள். செடிகள், மீன் குளம், கழிவுநீர்த் தொட்டி பக்கம் அது போகக் கூடாது. ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்து, அது சுத்தமாக வரும்வரை காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட் என்ற உப்புக்கும் இது உதவுமா என்று சிலர் கேட்டார்கள். உதவாது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும். இன்னொருவர், குளோரின் போட்டபின் கிணற்றில் இறங்கி ஃபுட் வால்வை (உறிஞ்சு குழாயின் அடிநுனியில் இருக்கும் வால்வை) பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். தயவுசெய்து இறங்காதீர்கள். குளோரின் இல்லாத நாளிலும் கிணற்றடியில் காற்று கெட்டிருக்கக்கூடும். வால்வைக் குழாயோடு மேலே தூக்கியே பாருங்கள்.